அம்மாவுக்குச் சுகமில்லாத சனிக்கிழமைகள்

போன மாதம் எங்கள் சபையில் அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இத்தனை வருடங்களில் ஒரு ஓய்வுநாளைக்கூடத் தவறவிடாத மூப்பர் என்று மைக்கில் சொன்னார்கள். மழை, வெள்ளம், பந்த் எதுவுமே இவரைத் தடுத்ததில்லை என்றார்கள். பேசியவர் கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இவங்க வீட்டுல வெள்ளிக்கிழமை சாயந்திரம் அணைஞ்ச அடுப்பு, சனிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் எரிஞ்சதே இல்ல" என்றார். கூடம் முழுக்கக் கைதட்டல். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா அங்கே இல்லை. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் சாப்பிட வேண்டிய தட்டுகளைப் பின்பக்க வராந்தாவில் நின்று துடைத்துக்கொண்டிருந்தாள்.

நானும் கைதட்டினேன். தட்டாவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் எனக்குக் கோபம். அடுப்பு எரியாததை அத்தனை பெருமையாகச் சொல்கிறார்களே, எரியாத அடுப்பிலிருந்து சோறு எப்படி வந்தது என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? நான் இப்போது குடியிருக்கும் ஏலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

என் சின்ன வயதில் நாங்கள் மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டு கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஒரு அறை, அதை ஒட்டி அடுப்படி, வெளியே பொதுக் குழாய். நான் ஐந்தாம் வகுப்பு. பிழைப்புக்காகத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டவர்கள் அப்பாவும் அம்மாவும். அப்பா பெட்டி ஆட்டோவில் சுக்கும் மிளகும் ஏற்றி அக்கரையில் பிராட்வே கடைத்தெருவுக்கும் மற்ற இடங்களுக்கும் ஓட்டுவார். அம்மா பள்ளுருத்தியில் செம்மீன், அதாவது இறால், உரிக்கிற ஷெட்டுக்குப் போவாள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துப்போய் இருக்கும். செம்மீன் எங்கள் சபையில் தீட்டு, தின்னக் கூடாது. செம்மீன் உரித்த கூலியில் கொடுக்கும் காணிக்கைக்கு மட்டும் தீட்டில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் அந்தச் சபையால்தான் அப்பா மனுஷரானார். அதற்கு முன்னால் அவர் குடித்த குடியை நான் மறக்கவில்லை. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டால் நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். ஒரு நாள் பாஸ்டர் ஒருவரின் வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்கப் போனவர், அவரோடு பேசிப் பேசி, சனிக்கிழமை ஆராதனைக்குப் போக ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர்கள்தான் எங்கள் சந்தில் உண்டு. நாங்கள் மட்டும் சனிக்கிழமைக்காரர்கள் ஆனோம். ஞானஸ்நானம் எடுத்த நாளில் அப்பா பாட்டிலை விட்டார். அம்மா அந்த நாளில் அழுத அழுகையை நினைத்தால், அவள் அப்பாவைவிட அதிகமாக அந்தச் சபைக்குக் கடன்பட்டவளாக ஏன் தன்னை நினைத்தாள் என்று எனக்குப் புரிகிறது.

ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் விழுந்ததும் தொடங்கும், சனிக்கிழமை சூரியன் விழுந்ததும் முடியும். எங்கள் சந்திலிருந்து சூரியன் எழுவதும் தெரியாது, விழுவதும் தெரியாது. நான்கு பக்கமும் கிடங்குச் சுவர்கள். வீட்டுக் கடிகாரமோ தன் மனம் போன போக்கில் ஓடும். அதனால் எங்களுக்கு நேரம் சொன்னது சந்து முனையில் இருந்த பள்ளிவாசல்தான். மாலைத் தொழுகைக்கு பாங்கு சொன்னால் எங்கள் ஓய்வுநாள் பிறந்துவிட்டது என்று அர்த்தம். மறுநாள் அதே பாங்கு கேட்டால் முடிந்தது. கர்த்தருடைய நாளை யார் திறந்து வைக்கிறார்கள் என்று சபையில் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. வீட்டில் அப்பா மட்டும் வெள்ளிக்கிழமை சாயந்திரம் கேட்டுக்கொண்டே இருப்பார், "பாங்கு விளிச்சாச்சாட்டி?"

அந்த பாங்குக்கு முன்னால் அம்மா செய்து முடிக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஷெட்டிலிருந்து மத்தியானம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு சீக்கிரம் வருவாள். குழாயில் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு வரும். வந்தால் இரண்டு நாளைக்கும் சேர்த்துப் பிடித்து வைக்க வேண்டும். இரண்டு நாள் சமையலை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். எங்கள் வெள்ளைத் துணிகளைத் துவைத்து, காயாவிட்டால் இஸ்திரியால் காய வைக்க வேண்டும். அப்பாவின் ஷூவுக்குப் பாலிஷ் போட வேண்டும். என் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்ட வேண்டும். அப்பா நாலு மணிக்கு வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கட்டிலில் வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நேரமாச்சு, நேரமாச்சு" என்பார். அம்மா ஓடுவாள். பாங்கு கேட்டதும் அப்பா நல்ல குரலில் பாட்டு தொடங்குவார். அம்மா மூச்சிரைத்தபடி வந்து பக்கத்தில் நின்று வாயசைப்பாள்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்தால், அம்மா பரிமாறுவாள். பரிமாறுவது வேலையில்லையாம், ஊழியமாம். அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். வாரம் முழுக்க மூட்டை இழுத்த உடம்பு, பாவம், அடித்துப் போட்ட மாதிரி தூங்கும். தின்ற பாத்திரங்கள் ஒரு மூலையில் ஈ மொய்த்துக் கிடக்கும். கழுவினால் அது வேலை. சாயந்திரம் பாங்கு கேட்டதும் அம்மா முதலில் செய்வது அவற்றைக் குழாயடிக்கு இழுத்துப்போய் உட்காருவதுதான். அவளுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்ததில் இரண்டு நாள் இடுப்பு ஒடிந்தது. இதற்குப் பேர் ஓய்வுநாள்.

அந்த மழைக்காலத்தில் சபைப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். ஓய்வுநாளைப் பற்றிய கற்பனையை, அதாவது பத்துக் கட்டளைகளில் அந்தக் கட்டளையை, பார்க்காமல் முழுவதும் ஒப்பிக்க வேண்டும். பரிசு ஒரு பென்சில் பாக்ஸ், மூடியில் காந்தம் வைத்தது. எனக்கு அது வேண்டியிருந்தது. நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் வேதத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அப்பா சொல்லச் சொல்ல நான் மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்தேன். அம்மா அரைக்கும்போதும் துவைக்கும்போதும் அவள் பின்னாலேயே போய் ஒப்பித்துக் காட்டுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் குழாயடியில் துணி கும்மிக்கொண்டிருந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு சொல்லி முடித்தேன். அவள் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"அந்த ஆளுக பேரு வருதுல்லா, அத மட்டும் இன்னொருக்கச் சொல்லு. யாரெல்லாம் வேலை செய்யக்கூடாது?"

"நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, ஆடு மாடு, வாசல்ல நிக்கிற அந்நியன்."

"மாட்டுக்கும் உண்டா?"

"உண்டு."

"பொறவு?"

"பொறவு ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்."

"நடுவுல எதையாச்சும் விட்டுட்டியா? நல்லாப் பாத்துட்டு வா."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உள்ளே போய் வேதத்தை எடுத்து, விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தேடினேன். எதையும் விடவில்லை. திரும்பி வந்து சத்தியம் செய்தேன். அம்மா, "சரி, போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். நான் சரியாகச் சொன்னதற்கு அவள் பாராட்டவில்லை என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

சபையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் ஒரே வீட்டில் போய்ச் சாப்பிடுவார்கள். வீடு முறை வைத்து மாறும். அதற்கு அன்பின் விருந்து என்று பேர். போட்டி நடக்கிற சனிக்கிழமைதான் எங்கள் முறை. சபையே முப்பது பேருக்குக் குறையாது. அப்பா அந்த வாரம் முழுக்க ஒரு சந்தோஷத்தில் இருந்தார். "நம்ம வீட்டுக்கு ஐயா வாராரு, நல்லாச் செய்யணும்" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். செய்யப்போவது இரண்டு பேரும் சேர்ந்து என்கிற மாதிரி இருந்தது அந்தப் பேச்சு.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை. மத்தியானத்துக்குள் ரோட்டில் முழங்கால் தண்ணீர். பஸ் ஓடாமல் அம்மா பள்ளுருத்தியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தாள், சேலை இடுப்புவரை நனைந்து. சேலையை மாற்றியதும் அடுப்புக்குப் போனாள். கரண்ட் போய்விட்டது. மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு நான் தேங்காய் எடுத்துக் கொடுத்தேன், வெங்காயம் உரித்தேன். சாம்பார் கொதித்து இறங்கியது. பெரிய அண்டாவைப் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவிடம் (இத்தாத்தா என்றுதான் கூப்பிடுவோம்) வாங்கி வைத்து, அதில் அரிசி போட்டிருந்தாள். தகர ஓட்டில் மழை விழுகிற சத்தத்தில் நாங்கள் பேசுவதே எங்களுக்குக் கேட்கவில்லை. கரண்ட் இல்லாததால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் ஊமையாகிவிட்டிருந்தது. பாங்கு எப்போது சொன்னார்கள் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.

அப்பா தண்ணீரில் நின்றுபோன ஆட்டோவை எங்கோ விட்டுவிட்டு வந்தார். வாசலில் நின்றபடியே எரிகிற அடுப்பைப் பார்த்தார்.

"பாங்கு விளிச்சு எவ்வளவு நேரமாச்சு. பாலத்துக்கிட்ட உள்ள பள்ளிவாசல்ல விளிச்சத வரும்போதே கேட்டேன். இங்க என்ன நடக்குது?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். "எங்களுக்குக் கேக்கலங்க. மழ. இதோ, அரைவேக்காடா இருக்கு, இப்ப வெந்துரும்."

"கர்த்தருடைய நாள்ல வேகவச்ச சோத்தத்தான் ஐயாவுக்குப் போடுவியா?"

அடுப்பை அணைத்தார். அதோடு நிற்கவில்லை. துணியைப் பிடித்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், தேங்கிக் கிடந்த தண்ணீரில் கவிழ்த்தார். முப்பது பேருக்கான அரிசி. அண்டாவைத் தூக்குவதும் கொட்டுவதும் வேலைக் கணக்கில் வராது போலிருக்கிறது. அரைவேக்காட்டுச் சோறு வெள்ளையாகச் சந்து முழுக்க மிதந்தது. இத்தாத்தா வீட்டுப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

இன்றைக்கும் அரிசி களையும்போது அந்தச் சந்து எனக்கு ஞாபகம் வருகிறது. ஒரு மனுஷி மழையில் நடந்து வந்து, நின்ற நிற்பில் சமைத்ததை வெளியே கொட்டிவிட்டு, அந்த மனிதர் கை கால் கழுவி வந்து பாட்டுப் பாடினார். எந்தப் பாட்டு என்றுகூட எனக்கு நினைவிருக்கிறது. எழுத மாட்டேன். பாடி முடித்துவிட்டு அம்மாவிடம், "நாளைக்கு இருக்கத வச்சு எப்படியாச்சும் சமாளி" என்றார்.

அம்மா, "சரி" என்றாள்.

மறுநாள் காலை அம்மா எங்களுக்கு முன்னால் குளித்துத் தயாராகிவிட்டாள். எப்போதும் கடைசி வரிசையில் கதவோரமாக உட்காருகிறவள் அன்றைக்குப் பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். நான் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தேன். பென்சில் பாக்ஸ் எனக்குத்தான். சபை முழுவதும் ஆமென் சொன்னது. மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பின்னாலேயே பாஸ்டரும் மற்றவர்களும் வேட்டியையும் சேலையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார்கள்.

அறைக்குள் முடிந்தவரை பேர் உட்கார்ந்தார்கள். மீதிப் பேர் வாசலில். அடுப்படியில் பாத்திரங்கள் எல்லாம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சாம்பார்ப் பானை மட்டும் மூடியோடு இருந்தது. அம்மா நேராகப் போய்க் கட்டிலில், அப்பா உட்காருகிற இடத்தில், வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு பத்து நிமிஷம் எல்லோரும் வெள்ளத்தைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக அடுப்படியைப் பார்த்தார்கள்.

"சாப்பாடு எடுத்து வையி" என்றார் அப்பா.

"இன்னைக்கு ஓய்வுநாள்லா" என்றாள் அம்மா.

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே எல்லோருக்கும் கேட்டது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "விளையாடாத, ஐயா உக்காந்திருக்காரு" என்றார். பாஸ்டர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "என்னம்மா, ஏதாச்சும் மனவருத்தமா? சொல்லுங்க, ஜெபிப்போம்" என்றார்.

"வருத்தமெல்லாம் இல்லைய்யா. எம்புள்ள இந்த மாசம் பூரா சொல்லிச் சொல்லிக் கேட்டேன். மகனுக்கு உண்டு, மகளுக்கு உண்டு, வேலைக்காரனுக்கு உண்டு. மாட்டுக்கும் உண்டு. வாசல்ல வந்து நிக்கவனுக்கும் உண்டு. பொண்டாட்டின்னு ஒரு வார்த்தை இல்ல. புள்ள விட்டுட்டாளோன்னு புஸ்தகத்தைப் பாக்கச் சொன்னேன். அதுலயும் இல்லையாம்."

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "அப்படி இல்லம்மா. புருஷனும் மனைவியும் ஒரே மாம்சம். அவருக்குச் சொன்னதிலேயே நீங்களும் அடக்கம்."

"அப்ப அவரு தூங்கும்போது நானும் தூங்கலாம்லா" என்றாள் அம்மா. "அது ஒத்துவராதுன்னா, வேலைக்காரின்னு ஒரு பேரு இருக்குல்லா. அதுலயாவது என்னச் சேத்துக்கோங்கய்யா."

பாஸ்டரின் மனைவி தலையைக் குனிந்து தன் கையில் இருந்த கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு சின்னப் பையன் பசிக்குது என்று அழுதான். ஓட்டலில் வாங்கலாம் என்றால் ஓய்வுநாளில் காசு கொடுத்து வாங்கக் கூடாது. அடுப்பு மூட்டவும் கூடாது. தங்கள் வேலியைத் தாங்களே உயரமாகக் கட்டி வைத்திருந்தார்கள், தாண்ட வழியில்லை. கடைசியில் பாஸ்டர் எழுந்து, இந்த நாளைக் கர்த்தர் உபவாச நாளாக மாற்றியிருக்கிறார் என்று அறிவித்து, நீளமாக ஒரு ஜெபம் செய்தார். எல்லோரும் காலி வயிற்றோடு தண்ணீரில் இறங்கிப் போனார்கள்.

எனக்கு அம்மாவின் மேல் அப்படி ஒரு ஆத்திரம். என் பரிசு நாளை இப்படிக் கெடுத்துவிட்டாளே என்று பென்சில் பாக்ஸை அவளிடம் காட்டவேயில்லை.

அதற்குப் பிறகு சில வாரங்கள் அம்மா சொன்னபடியே நடந்தாள். வெள்ளிக்கிழமை இரண்டு நாளுக்குச் சமைக்கவில்லை. ரொட்டியும் பழமும் அவலும் வாங்கி வைத்தாள். சனிக்கிழமை அதையே சாப்பிட்டோம். அப்பா அவளோடு பேசவில்லை. என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார்: "அம்மைக்கு சுகமில்ல மோளே. மனசுக்குத்தான் சுகமில்ல. நல்லா ஜெபம் பண்ணு." சபையிலும் அப்படித்தான் சொன்னார் போலிருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பாஸ்டர் நோயாளிகளுக்காக ஜெபிக்கும்போது, கால் ஒடிந்தவருக்கும் சர்க்கரை வியாதிக்காரருக்கும் நடுவில் என் அம்மாவையும் சேர்த்து, "இந்தச் சகோதரிக்குச் சுகம் கொடும்" என்று கேட்டார். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்ட ஒரு கேள்விக்கு அந்தச் சபை கண்டுபிடித்த பதில் அதுதான். இதை நினைக்கும்போதுதான் எனக்குக் கோபம் கண்ணை மறைக்கிறது. கொட்டிய சோற்றைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேனாயிருக்கும்.

நான் நம்பினேன். அம்மாவுக்கு வியாதி என்று உண்மையாகவே நம்பினேன். காய்ச்சல் இருக்கிறதா என்று தூங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானங்கள் இருக்கின்றனவே, என் சின்ன வயதில் அதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை. அப்பா தூங்கியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே கிளம்புவாள். படகுத் துறையில் போய் உட்காருவோம். படகு வருவதையும் போவதையும் சும்மா பார்ப்போம். அவள் மடியில் தலை வைத்தால், செம்மீன் வாசம் போகாத விரல்களால் என் தலையைக் கோதிவிடுவாள். அதற்கு முன்னால் அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வியாதிக்காரர்கள் காற்று வாங்க வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு தடவை யூதத் தெரு வழியாக நடந்தோம். அங்கே ஜெபாலயம் சனிக்கிழமை மூடியிருக்கும். வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்கள் ஏமாந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கும் நம்மைப்போல இன்றைக்குத்தான் ஓய்வுநாள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதை நான் அம்மாவிடம் சொன்னேன். அவள் மூடிய கதவை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எத்தனையோ காலமா இருக்காங்கல்லா இங்க" என்றாள். "அத்தன வெள்ளிக்கிழமையும் இவங்க வீட்டுல யாரு சமைச்சிருப்பா?"

எனக்குத் தெரியாது என்றேன். அவள் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை பாங்கு சொல்லி முடிந்த கையோடு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது வாசலிலேயே எனக்கு அந்த வாசம் அடித்தது. நான் மறந்துபோயிருந்த வாசம். அப்பா யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுதார். "என் வீடு என் கையில இல்ல, நான் என்ன சாட்சி சொல்லுவேன்" என்று அழுதார். நான் பழக்கத்தில் கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன். அங்கிருந்து அம்மாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவை அடுப்படி வாசலில் அசையாமல் நின்றுகொண்டிருந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா மத்தியானம் ஷெட்டிலிருந்து ஓடி வந்தாள். குடம் குடமாகத் தண்ணீர் பிடித்தாள். இரண்டு நாளைக்கும் சேர்த்துச் சமைத்தாள். ஷூவுக்குப் பாலிஷ் போட்டாள். அப்பா குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். பாங்கு கேட்பதற்கு முன்பே அடுப்பு அணைந்துவிட்டது. அப்பா பாடினார், அம்மா பக்கத்தில் நின்று வாயசைத்தாள். அதற்கப்புறம் இன்றுவரை அவர் குடிக்கவில்லை. அதற்குத்தான் போன மாதம் பொன்னாடை.

மறுநாள் சபையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. இந்த வாரம் கர்த்தர் நன்மை செய்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்றார் பாஸ்டர். எனக்குள் பொங்கிக்கொண்டு வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானாகவே எழுந்து நின்றேன். "எங்க அம்மாவுக்கு சுகமில்லாம இருந்துச்சு. நான் தினமும் ஜெபம் பண்ணினேன். நேத்து கர்த்தர் சுகம் குடுத்துட்டார். பழையபடி எல்லா வேலையும் செய்யுறாங்க. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன்.

சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. அப்பா எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். அம்மா மறுபடியும் கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள், தோள் குலுங்கியது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்தோம். அம்மா பரிமாறினாள், அப்பா தூங்கினார். படகுத் துறைக்குப் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம், கால் வலிக்கிறது என்றாள். சாயந்திரம் பாங்கு சொன்னார்கள். அம்மா எழுந்து, மூலையில் கிடந்த பாத்திரங்களை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நான் வாசல்படியில் உட்கார்ந்து பென்சில் பாக்ஸைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். இருட்டில் தண்ணீர் விழும் சத்தமும் அவள் பானையைத் தேய்க்கிற சத்தமும் கேட்டன. அம்மாவுக்கு உடம்பு சரியாகிவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.